பதினெட்டு ப்ளஸ் படத்தின் வாசலில்

தியேட்டரில் டிக்கெட் பார்ப்பவனுக்குப் படம் பார்க்கக் கிடைக்காது. பார்க்க வருகிறவர்களைப் பார்த்தே பொழுது போய்விடும். துபாயில், கராமா பக்கம் எனக்கு டியூட்டி. மார்த்தாண்டத்துக்காரன், மலையாளம் தெரியும் என்று மலையாளப் படம் ஓடும் ஸ்கிரீனிலேயே நிறுத்திவிட்டார்கள். வாசலில் நின்று, வருகிறவர்களிடம் முடியாது என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிற யாருக்கும் என் பாடு புரியும்.

ஐடி காட்டுங்க

வெட்டுக்குத்துப் படம். பதினெட்டு வயது ஆகிவிட்டதா என்று எமிரேட்ஸ் ஐடி பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும். எங்கள் வாடிக்கையாளரான பாலக்காட்டுக்காரர் ஒருவர், ஒன்பதாவது படிக்கும் மகன் நிதினோடு வந்தார். விட முடியாது என்றேன். பையன் முகம் தொங்கிப்போனது. எனக்கே பாவமாக இருந்தது. அப்பா என்னைத் தனியே கூப்பிட்டுத் தணிவாகச் சொன்னார்: "அண்ணா, முத்த சீன் வந்தா நானே அவன் கண்ணப் பொத்திடுவேன். இதுல அப்படி ஒண்ணும் இல்ல, வெறும் வெட்டுதானே? பரவால்ல, அடுத்த மாசம் போன்ல வந்துடும், வீட்ல பாத்துக்கறோம்."

துடைப்பக்காரர் கணக்கு

அதே படம். உள்ளே ஒருவன் கழுத்து அறுபடும்போதெல்லாம் வெளியே எனக்கு விசில் சத்தம் கேட்கும். ஆட்டம் விட்டதும் சிரித்துக்கொண்டே செல்ஃபி எடுப்பார்கள். காலேஜ் பையன்கள் ஒருவர் கழுத்தில் ஒருவர் விரலால் இழுத்துக் காட்டிக்கொண்டு லிஃப்டுக்குப் போவார்கள். துப்புரவு வேலை பார்க்கும் ஷஃபிக் பாய் பங்களாதேஷ்காரர், வருஷக்கணக்காக அங்கே இருப்பவர். வாளியைக் கீழே வைத்துவிட்டு அவருடைய இந்தியில் சொன்னார்: "முன்னெல்லாம் இந்த மாதிரி படம் போட்டா வாந்தி தொடைப்பேன் பாய். இப்ப பாப்கார்ன் மட்டும்தான்."

பொம்மைப் படம்

சில மாதம் கழித்து பாலக்காட்டுக்காரர் சின்ன மகளை மட்டும் கூட்டிக்கொண்டு பொம்மைப் படத்துக்கு வந்தார். நிதின் எங்கே என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். மகளை உள்ளே உட்கார வைத்துவிட்டுத் திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னார். ஸ்கூல் பஸ்ஸில் சீட்டுக்காகச் சண்டை. நிதின் காம்பஸை எடுத்துக் கூடப் படிக்கிற பையன் கண்ணில் குத்திவிட்டான். அந்தக் கண் போய்விட்டது. அந்தப் பையனின் பெற்றோர் மன்னித்ததால் கேஸ் முடிந்தது; ஆனால் இங்கே எந்த ஸ்கூலும் சேர்த்துக்கொள்ளவில்லை, அம்மாவோடு ஊருக்கு அனுப்பியாயிற்று. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தது. அவர் அழவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "'ரத்தம் வரும்னு தெரியும் அச்சா, அவன் அப்படிக் கத்துவான்னு தெரியாது'ன்னு சொல்றான் அண்ணா."

பதினெட்டு வயது ஆகாதவனைத் தடுக்கத்தான் என்னை வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள், படம் மட்டும் வேறு வழியாக அவன் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது.