வலுசர்ப்பத்தின் மேல் பூசிய எண்ணெய்

ஷார்ஜாவில் ரோலா பக்கம், நர்ஸ் வேலை பார்க்கும் என் மகளோடு இருக்கிறேன். வீட்டின் இன்னொரு அறையில் பூட்டான் நாட்டுப் பிள்ளை ஒருத்தி தங்கியிருக்கிறாள். துணிக்கடையில் வேலை. நான் அதிகம் படித்தவள் இல்லை. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனாலும் வேதத்தை முழுதுமாக இரண்டு முறை வாசித்து முடித்தவள். ஜெபக் கூட்டத்தில் இதைச் சொல்லாமல் நான் இருந்ததில்லை.

ஒரு நாள் காலையில் அந்தப் பிள்ளை தன் நாட்டுக் கொடியைக் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டுக் கடைக்குப் போனாள். மடிப்புச் சுருக்கம் போக வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நாட்டு ஆட்கள் பூங்காவில் கூடுகிறார்கள், கொடி பிடிப்பது இவள்தான். பாதி மஞ்சள், பாதி காவி. நடுவில் வெள்ளையாய், நீளமாய், நகமும் செதிலுமாக ஒன்று. பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் சாத்தானாக வருகிற வலுசர்ப்பமேதான். அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம் வேறு.

"எம்மா, அது அவங்க நாட்டு அடையாளம். நம்ம பாஸ்போர்ட்ல சிங்கம் இல்லியா, அது மாதிரி," என்றாள் மகள்.

"சிங்கமும் இதுவும் ஒண்ணா? சாத்தான சுவத்துல தொங்கப்போட்டு, அதுக்கு முன்னாலயா முழங்கால் போடச் சொல்லுக?"

"ஒரு சேலையப் போட்டு மூடு. கைய மட்டும் வச்சிராத," என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டாள்.

மூடியிருக்கலாம். நான் ஜெப எண்ணெய்க் குப்பியை எடுத்தேன். ஊரில் பாஸ்டர் ஜெபித்துக் கொடுத்தது. புது வீட்டு வாசல் நிலையில் பூசுவதுபோல, விரலால் தொட்டு அதன் வயிற்றில் ஒரு சிலுவை போட்டேன். மரத்தில் எண்ணெய் ஊறி மறைந்துவிடும். துணியில் அது பரவும் என்பது, இத்தனை வருஷம் துணி துவைத்த எனக்கு அந்த நேரம் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் சிலுவையைக் காணோம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், இன்னும் பரவியது. மடித்து அவள் கட்டிலில் வைத்தேன். கூட்டத்தில் என் பாட்டுச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

சாயங்காலம் அவள் கொடியை விரித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. மகளும் வந்துவிட்டாள். மேசையில் நான் எடுத்து வைக்க மறந்த குப்பி. அதன்மேல் சிலுவைப் படம். அந்தப் பிள்ளை குப்பியை மோந்தாள், கறையை மோந்தாள். பிறகு மகளிடம் ஹிந்தியில் ஏதோ கேட்டாள்.

மகள் என்னைப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழம நல்லபடியா நடக்கணும்னு அம்மா கொடிக்கு ஜெபம் பண்ணி எண்ணெ வச்சாங்களான்னு கேக்கா. என்ன சொல்லட்டும்?"

எனக்கு ஹிந்தி தெரியாது. அதைச் சாக்காகச் சொல்ல முடியாது. தெரிந்தவள் பக்கத்திலேயே நின்றாள். நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகாதவள். ஆமென்று தலையை ஆட்டினேன்.

அவள் கொடியைத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தாள். அதே விரல்.

அடுக்களையில் மகள் மெல்லக் கேட்டாள்: "ரெண்டு தடவ வாசிச்சியே, பொய் சொல்லக் கூடாதுன்னு எங்கயும் இல்லியோ?"

ஞாயிற்றுக்கிழமை பூங்காவிலிருந்து வந்ததும் அந்தப் பிள்ளை போனில் படம் காட்டினாள். வெள்ளை வயிற்றில் மஞ்சள் கறை பளிச்சென்று தெரிந்தது. வீட்டு அம்மா ஆசீர்வதித்தது என்று எல்லாரிடமும் சொன்னாளாம். எனக்கென்று சிவப்பரிசிச் சோறு கொண்டுவந்திருந்தாள். தின்றேன்.

"அந்தத் துணியக் கொண்டா, நல்லாத் துவச்சுத் தாறேன்னு அவகிட்டச் சொல்லு," என்றேன் மகளிடம்.

மகள் கேட்டுச் சொன்னாள்: "வேண்டாமாம். துவச்சா ஆசீர்வாதம் போயிருமாம்."

கொடி இப்போது அவள் கட்டிலுக்கு மேலே தொங்குகிறது. ஜெபக் கூட்டத்தில் நான் வேதம் வாசித்த கதையைச் சொல்வதில்லை.