பொழிச்சலூருக்கு வராத மாஸ்டர்

ஃபஹீமாவின் கணவன் அக்தர், எத்தியோப்பியாவில் ஒரு தோல் தொழிற்சாலையில் மாஸ்டர். பம்மலில் தொழில் கற்று, 2003-இல் போனவன். ஏழை நாடு, கைநிறையச் சம்பளம், செலவு செய்யவே வழியிருக்காது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் வெளிநாட்டு முகத்தைக் கண்டதும் தக்காளி விலை இரட்டிப்பாகிறது. அக்தர் சளைக்கவில்லை. உள்ளூர் வாட்ச்மேனை விட்டுக் காய்கறி வாங்கினான். ஊரிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலில் மாதக்கணக்கில் ஓட்டினான். வீட்டுக்கு மிஸ்டு கால் மட்டும். ஒரு ரிங் என்றால் உயிரோடிருக்கிறேன். இரண்டு ரிங் என்றால் பணம் அனுப்பிவிட்டேன். அன்புக்கு ரிங் ஒதுக்கப்படவில்லை.

இத்தனையும் மிச்சம்பிடித்த பிறகு, உலகத்திலேயே செலவு பிடித்த ஊர் பொழிச்சலூர்தான் என்று அவன் கண்டுபிடித்தான். லீவில் வந்தால் சொந்தக்காரன் கல்யாணத்துக்கு மோதிரம், பள்ளிவாசலுக்கு மின்விசிறி, தெரிந்தவனுக்கு செண்ட், தெரியாதவனுக்குக் கடன். மீன்காரிகூட "ஃபாரின் பாய்" என்று கூப்பிட்டு வஞ்சிரத்தைத்தான் காட்டுவாள். நெத்திலிக் கூடையை மூடிவிடுவாள்.

ஆகவே அந்த மே மாதம் அக்தர் வந்தான், ஆனால் வரவில்லை. நடுராத்திரியில் மாடி வீட்டுக்குள் நுழைந்தவன் அதன்பிறகு வாசலை மிதிக்கவில்லை. ஏழு வயது மகள் இஃப்ராவின் வாய்க்குப் பூட்டு கிடையாது என்பதால், அவளை ஆம்பூரில் மாமா வீட்டுக்கு முன்கூட்டியே அனுப்பச் சொல்லிவிட்டான். குடும்பத்தோடு இருக்கக் கடல் தாண்டி வந்து, குடும்பத்தில் பாதியை ஊருக்கு அனுப்பிய தகப்பன்.

"பத்து நாளாச்சு. ஒரு பயலுக்கு ஒரு பைசா கொடுக்கலை பாத்தியா?" என்று சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் பனியனோடு உட்கார்ந்து பெருமைப்பட்டான்.

கீழ்வீட்டில் கங்கையம்மாள், வீட்டுக்காரி. வயலையெல்லாம் மனையாக விற்றவள், காதை மட்டும் விற்கவில்லை.

"இன்னாம்மா ஃபஹீமா, மேல ஆம்பள இருமல் கேக்குது? உன் வூட்டுக்காரரு ஆப்பிரிக்காவுல இல்ல கீறாரு?"

"டிவிதான்க்கா."

"டிவி குளிக்கக்கூட செய்யுதா? தொட்டித் தண்ணி ரெண்டு ஆளு செலவாவுதே!"

குழாயடியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். மறுநாள் ஃபஹீமா வந்ததும் சிரிப்பு நின்றது. அது இன்னும் மோசம்.

"மச்சான், எனக்குப் பேரு கெட்டுப்போகுது. வெளிய வந்து ஒருதரம் முகத்தைக் காட்டுங்க."

"பேசுறதுக்கு நம்மகிட்ட காசா கேக்குறாங்க? பேசட்டும். நான் போனதும் அடங்கிடும்."

"நீங்க போயிடுவீங்க. இருக்கப்போறது நான்."

இந்த வாதத்தில் காசு சம்பந்தப்படாததால் அது அவனுக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜமாஅத் செயலாளர் பக்கீர் முகமது படியேறி வந்தார். அக்தர் சமையலறைத் திரைக்குப் பின்னால் பாய்ந்தான். வந்தவர் வாசலிலேயே நின்று சுவரைப் பார்த்துப் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. வீட்டுல யாரோ வெளி ஆம்பளை இருக்கிறதா ஊர்ல ஒரு பேச்சு..."

ஃபஹீமா திரையைப் பார்த்தாள். அக்தர் ஒரு எட்டு எடுத்துவைத்து சலாம் சொன்னால் போதும், பேச்சு அங்கேயே செத்துவிடும். காத்திருந்தாள். பக்கீர் முகமதின் கக்கத்தில் நன்கொடை ரசீதுப் புத்தகம் இருந்தது. திரை அசையவில்லை.

"வெளி ஆம்பளை இல்லண்ணே, எங்க மச்சான்தான் வந்திருக்காங்க" என்றாள், கீழ்வீட்டுக்கும் கேட்கும்படி. "வர்ற ரமலானுக்கு முப்பது நாளும் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி தன் செலவுன்னு மனசுல நிய்யத்து வச்சிருக்காங்க. வெளிய தெரிஞ்சா பெருமையாப் போயிடுமேன்னு உள்ளேயே நிக்கிறாங்க."

இப்போது திரை அசைந்தது. அசைந்ததென்ன, கம்பியோடு அக்தரின் கையில் வந்துவிட்டது.

"மாஷா அல்லாஹ்!" என்று பக்கீர் முகமது உள்ளே வந்து அவனைக் கட்டித்தழுவினார். அவர் தோளுக்கு மேலாக அக்தர் மனைவியை முறைத்தான். பிறகு, பழக்கதோஷம், பேரத்தைத் தொடங்கினான்.

"முப்பதா பாய்? அவ தப்பா சொல்றா. பத்துன்னுதானே..."

ஃபஹீமா இருவருக்கும் டீ போடப் போனாள். அவன் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொல்லியிருந்த பால் பாக்கெட்டை முழுசாகக் கவிழ்த்தாள்.