நான் சொல்ல மறந்த ஊசி

விருதுநகரில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை நடத்துகிறேன். அங்கேதான் அந்த அம்மாவைச் சந்தித்தேன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை. நகக்கண்ணில் வெள்ளிப் பொடி ஒட்டியிருந்தது. டிரினிடாட் தீவில் நர்ஸாக இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் புறப்பட்டார். பருத்திச் சேலை, கொசு மருந்து, ஊறுகாயைப் பெரிய பெட்டியில் வைப்பது என்று நான் சொன்னதையெல்லாம் வெடி லேபிளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதாம்மா."

மஞ்சள் காய்ச்சல் ஊசியை மறந்துவிட்டேன். அந்தத் தீவிலிருந்து திரும்புகிறவர்களிடம் இங்கே அதற்கான சான்று கேட்பார்கள்.

மகளுக்குப் பிரசவமான மறுவாரம், உடன்பிறந்த தம்பி இறந்த செய்தி கேட்டு அவர் ஓடிவந்தார். சான்று இல்லாததால் சென்னையில் ஆறு நாள் தனியறையில் வைத்துவிட்டார்கள். ஐஸ் பெட்டியில் உடலை வைத்துக் காத்திருந்தவர்கள், கடைசியில் அவர் இல்லாமலே எடுத்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் கடைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"தப்பு என்னோடதும்மா."

"சண்டைக்கு வரல தம்பி. எங்க தெருப் புள்ள ஒண்ணும் அங்கன போகுது. அதுக்காச்சும் ஊசியச் சொல்லிருங்க."

எப்படி என்னைத் தம்பி என்று கூப்பிட முடிந்தது அவருக்கு?