ஜெனாட்டின் அறையில் ஐந்து செடிகள்

டொக்டர் முதலில் கேட்டது சாப்பாட்டைப் பற்றித்தான். போன கிழமை என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டார். றெபேக்கா அதைத் தமிழில் மாமியிடம் கேட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை நன்மை எடுத்தனான் எண்டு சொல்லு," என்றாள் யோசெப்பின்.

பூசையில் நாக்கில் வைக்கிற அந்த மெல்லிய அப்பத்தைச் சாப்பாட்டுக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது? "கஞ்சி குடித்தார், வயிற்றில் நிற்கவில்லை," என்று றெபேக்கா சொல்லிச் சமாளித்தாள்.

"நான் சொன்னதை நீ சொல்லேல்லை. பிரெஞ்சு விளங்காட்டிலும் எனக்கு நீளம் விளங்கும்."

வாந்தி நிற்பதற்குக் கொடுத்த குளிசைகள் வேலை செய்கின்றனவா என்று டொக்டர் அடுத்ததாகக் கேட்டார்.

"மூண்டு தரம் மாத்தியாச்சு. குளிசைதான் முதல் வெளியிலை வருது. கழுவிப்போட்டுத் திரும்பப் போடட்டோ எண்டு கேள்." டொக்டர் சிரிக்கவில்லை. யோசெப்பின் றெபேக்காவின் முழங்கையை இடித்தாள். "இப்ப மற்றதைக் கேள்."

யோசெப்பினின் தம்பி மகள் றெபேக்காவுக்கு இருபத்திரண்டு வயது. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடம், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பத்து வருடம் படித்தவள். இரண்டு மொழியிலும் தேவைக்கு மேல் வாய் திறக்காதவள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரு மூலிகையைப் பற்றி மாமி அறிய விரும்புவதாகச் சொன்னாள்.

"கஞ்சா எண்டு சொல்லன்! பேரைச் சொன்னால் பொலிஸ் வந்திடுமோ?"

அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. டொக்டர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். மருந்தேற்றும் அறையில் பக்கத்துக் கதிரையில் இருந்த பெண் கஞ்சா போட்ட பிஸ்கற்றில் பாதி தந்ததையும், அன்று பின்னேரம் மாமி ஒரு கோப்பை சோறு சாப்பிட்டதையும் றெபேக்கா சொன்னாள். சட்டத்தில் இடமுண்டு, ஆனால் பல டொக்டர்கள் கையெழுத்து வைப்பதில்லை, தானும் இதுவரை வைத்ததில்லை என்றார் அவர்.

யோசெப்பின் எழுந்தாள். சுவெற்றரை உயர்த்திப் பாவாடையின் இடுப்பைக் காட்டினாள். ஆறு ஊசிகள் குத்தியிருந்தன.

"இருபத்தைஞ்சு வருசமாத் தைக்கிறன். என்ரை பாவாடையை ஒடுக்கி ஒடுக்கி இனி ஒடுக்கத் துணியில்லை. ஊசியிலை நிக்குது. இதைச் சொல்லு, பிள்ளை. நான் சொன்ன நீளத்துக்கே சொல்லு."

றெபேக்கா அப்படியே சொன்னாள். டொக்டர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

அது 2007 ஐப்பசி. யோசெப்பினுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. மன்னாரிலிருந்து பிரெஞ்சு பேசும் இந்த நகரத்துக்கு வந்து, அதன் செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் புருஷன் சவிரிமுத்துவோடு இருந்தாள். உடுப்புத் தொழிற்சாலையில் காற்சட்டைக்கு சிப் வைப்பாள். வீட்டில் இருந்தபடி, கோயிலில் பூசைக்கு உதவுகிற பிள்ளைகளுக்கு வெள்ளை அங்கி தைத்துக் கொடுப்பாள். சவிரிமுத்து புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டசாலையில் சாமான் தூக்கி, முதுகு போய், வீட்டோடு நின்றுவிட்டவர். ஒரே மகன் ஜெனாட். அவனைக் கூப்பிடுவதற்கான கடுதாசிகள் வருடக்கணக்காக இழுபட்டன. வந்தால் படுப்பதற்கென்று பின்னறையில் கட்டில் போட்டு விரிப்பும் விரித்து வைத்தார்கள். அந்த வருடம் தையில் மன்னாரில் வவுனியா பஸ் ஏறியவன் எங்கேயும் இறங்கவில்லை. சித்திரையில் யோசெப்பினின் வயிற்றில் கட்டி இருப்பதாகச் சொன்னார்கள்.

மகன் காணாமல் போன கிழமையே அவள் நேர்ந்துகொண்டாள். பின்னறைச் சுவரில், கட்டிலுக்கு மேலே திரு இருதய ஆண்டவர் படம். அதன் கீழே சுண்டுவிரல் அளவில் ஒரு சிவப்பு மின்குமிழ். ஜெனாட் வந்து அந்தக் கதவைத் திறக்கும்வரை அது இரவு பகல் நூராமல் எரியவேண்டும்.

அரசாங்கத்தின் அனுமதி மாசியில் வந்தது. முதலில் அவர்கள் அனுப்பிய காய்ந்த சரக்கையே வாங்கிப் பார்த்தார்கள். தூளாக இருந்தது. புகை ஒரு இழுவையிலேயே இருமலைக் கொண்டுவந்தது. வெள்ளை அணுக்கள் குறைவு, பூஞ்சணமோ மருந்தடித்ததோ உடம்புக்குள் போகக்கூடாது என்று தாதி எச்சரித்தாள்.

"என்ன போட்டு வளத்தது எண்டு தெரியாததை நான் வாயிலை வைக்கமாட்டன்," என்றாள் யோசெப்பின். "நாங்களே வளப்பம். உரமும் மருந்தும் இல்லாமல்."

"நாங்கள் மீன்காரர், இஞ்சேர். நான் ஒரு வெண்டிக்கண்டு வளத்ததைக் கண்டனியே?" என்று கேட்டார் சவிரிமுத்து.

"உந்த வாயாலை ஊர் முழுக்க வளத்தனீங்கள்தானே. ஒரு செடி வளருங்கோ."

செடி இருக்கும் இடம் பூட்டுப் போட்டதாக இருக்கவேண்டும் என்று அனுமதியில் இருந்தது. வீட்டில் பூட்டுள்ள அறை ஒன்றுதான், பின்னறை. கட்டிலைச் சுவரோடு தள்ளினார்கள். யன்னலை யோசெப்பின் கறுப்புத் துணியை இரட்டையாக மடித்துத் தைத்து மூடினாள். சவிரிமுத்து கூரையில் பெரிய விளக்கொன்றைத் தொங்கவிட்டு, அது தானாக எரிந்து நூர ரைமரும் பூட்டினார். மண்புழு உரமும் தென்னந்தும்புத் தூளும் கலந்த மண் ஐந்து வாளிகளில் நிறைந்தது. ஈரக் கடுதாசிக்குள் வைத்த விதைகள் ஈஸ்ரருக்கு மூன்றாம் நாள் வால் விட்டன. யோசெப்பின் அவற்றைப் பார்த்து அன்று முழுவதும் படுக்காமல் எழுந்திருந்தாள்.

செய்முறைப் புத்தகத்தை றெபேக்கா தமிழில் எழுதி, அறைச் சுவரில் ஒட்டினாள். முதலில் பதினெட்டு மணித்தியாலம் வெளிச்சம். பிறகு, பூப்பதற்கு, பன்னிரண்டு மணித்தியாலம் வெளிச்சமும் பன்னிரண்டு மணித்தியாலம் முழு இருட்டும். கோடைச் சூட்டுக்கு விளக்கு இரவில் எரிவதே நல்லது என்று, காலை ஏழிலிருந்து பின்னேரம் ஏழுவரை செடிகளுக்கு இருட்டு என வைத்தார்கள்.

பூச்சிக்கு வேப்பெண்ணெய். உரத்துக்குச் சவிரிமுத்துவின் சொந்தக் கண்டுபிடிப்பு: மீன் கழிவை வாளியில் ஊறவைத்து, வடித்து, தண்ணீர் கலந்து விடுவது. செடியின் வாசத்துக்குப் பயந்தவர்கள் இந்த நாற்றத்தை எதிர்பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைச் செபக்கூட்டத்துக்கு வந்த அஞ்சலீனா அக்கா மூக்கைப் பொத்தினாள்.

"யோசெப்பின், எலி கிலி செத்துக்கிடக்கோ?"

"இல்லையக்கா. இவர் குளிக்கிறேல்லை."

சவிரிமுத்து செபமாலையை உருட்டியபடி தலையைக் குனிந்துகொண்டார்.

செடிகள் இடுப்பளவு வளர்ந்தன. வைகாசி நடுவில் இருட்டு முறைக்கு மாற்றினார்கள். இரண்டு மூன்று கிழமையில் பூ காட்டும் என்றது புத்தகம். ஆறு கிழமை போயிற்று. இலைதான் வந்தது. இலைக்கு மேல் இலை. மாமியின் கை அதே நேரத்தில் விறகுக் குச்சியாகிக்கொண்டிருந்தது. தண்ணீரைக் கரண்டியால் பருக்கினாலும் வெளியே வந்தது. ஊசிகள் போய், பாவாடையைக் கயிற்றால் கட்டினாள். "நான் முந்துறனோ அது முந்துதோ தெரியேல்லை," என்றாள் ஒரு நாள். அதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

றெபேக்கா வாளியும் விளக்கும் வாங்கிய கடைக்குத் தொலைபேசி எடுத்தாள். கடைக்காரன் எல்லாம் கேட்டுவிட்டு, அறை உண்மையாகவே இருட்டுத்தானா என்றான். ஓம் என்றாள். "இருட்டு நேரத்தில் உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பத்து நிமிடம் இருந்து பார்," என்றான் அவன்.

பின்னேரம் மூன்று மணிக்கு அவள் உள்ளே போய் ஜெனாட்டின் கட்டில் விளிம்பில் இருந்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் இலைகளின் ஓரம் தெரிந்தது. பிறகு தன் விரல்கள். பிறகு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த தாள், அதில் தன்னுடைய கையெழுத்து: பன்னிரண்டு மணித்தியாலம் முழு இருட்டு. ஒரு எழுத்து விடாமல் வாசிக்க முடிந்தது. எல்லாம் சிவப்பாக இருந்தது.

மூன்று மாதத்துக்கு மேலாக மூன்று பேரும் அந்த அறைக்குள் போய் வந்தார்கள். போகும்போதெல்லாம் படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டார்கள். ஒருவருக்கும் அந்தச் சிவப்புக் குமிழ் வெளிச்சமாகத் தெரியவில்லை.

"அது லைற்றில்லையே, பிள்ளை," என்றார் சவிரிமுத்து. "அது ஆண்டவற்றை..." பிறகு, "ஹோலுக்கு மாத்துவமே?" என்றார்.

"ஹோலுக்கு நேரேல்லை," என்றாள் யோசெப்பின் படுக்கையிலிருந்தே. "அவன் அந்தக் கதவைத் திறக்கேக்கை எரியவேணும் எண்டு நேர்ந்தது."

ஈஸ்ரருக்கு முந்திய பெரிய கிழமையில் கோயில் சுரூபங்களை மூடுவதுபோல குமிழை ஊதாத் துணியால் மூடிப் பார்த்தார்கள். ஒற்றைத் துணிக்குள்ளால் வெளிச்சம் கசிந்தது. இரட்டையாகப் போட்டதும் துணி கருகி மணத்தது. சவிரிமுத்து ஓடிப்போய் இழுத்தெடுத்தார். அதன்பிறகு மூன்று நாள் குமிழ் முன்போலவே எரிந்தது. குளியலறையில் மாமி ஓங்கரிக்கும் சத்தம் கேட்டபடி இருந்தது.

நான்காம் நாள், சவிரிமுத்து காலைப் பூசைக்குப் போன நேரம் பார்த்து யோசெப்பின் மருமகளுக்குத் தொலைபேசி எடுத்தாள். றெபேக்கா வேலைக்குப் போகிற வழியில் ஏறி வந்தாள். மாமி பின்னறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு தூரம் நடந்ததற்கே மூச்சு வாங்கியது.

"பிள்ளை, பகலிலை வந்தால் அவனுக்கு விளக்கு வேண்டாம்தானே? சூரியன் நிக்கும். வழி தெரியும். இரவிலைதானே தேவை?"

றெபேக்கா ஓம் என்றாள்.

"எனக்குக் கை வரேல்லை. நீ நூத்துவிடு. பின்னேரம் வந்து போட்டுவிடு. மாமாக்குச் சொல்லாதை."

சுவரில் இருந்த பொத்தான் ஒரு பட்டாணி அளவுதான். றெபேக்காவுக்கும் கை வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். முதுகுக்குப் பின்னால் மாமி, "இயேசுவே, இது பகல்," என்று சொன்னது கேட்டது.

அன்றிலிருந்து தினமும் காலையில் குழந்தைகள் காப்பகத்துக்கு வேலைக்குப் போகமுன் வந்து நூர்ப்பாள்; பின்னேரம் வந்து போடுவாள். ஒரு நாள் காலை மெற்றோ நின்று, எட்டரைக்குத்தான் வந்து சேர்ந்தாள். மாமி நித்திரை. பதறிக்கொண்டு அறையைத் திறந்தாள். குமிழ் ஏற்கெனவே நூர்ந்திருந்தது. குசினியில் சவிரிமுத்து முதுகைக் காட்டியபடி தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "சீனி போடட்டோ, பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு கிழமையில் கணுக்களில் வெள்ளை மயிர்போல ஏதோ தெரிந்தது. ஐந்தில் இரண்டு செடி ஆண் என்றும் தெரிந்தது.

"ரெண்டையும் பிடுங்கி எறியுங்கோ," என்றாள் யோசெப்பின். "ஆம்பிளை நிண்டால் பூவுக்குக் கேடு."

"என்னை எப்ப பிடுங்கிறாய்?"

"நீங்கள் மீன் தண்ணி ஊத்த வேணும். நில்லுங்கோ."

புரட்டாதியில் மூன்று செடிகளை வெட்டி, காயவைத்து, ஒரு ஊறுகாய்ப் போத்தல் நிறையப் பூ எடுத்தார்கள். சவிரிமுத்து அதை மெல்லிய சூட்டில் பட்டரில் காய்ச்சி, பாணில் பூசிக் கொடுத்தார். ஒன்றரை மணித்தியாலம் மூன்று பேரும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு யோசெப்பின் மெதுவாகக் கேட்டாள்: "சொதி இருக்கே?"

சோறும் மீன் சொதியும் சாப்பிட்டாள். உள்ளே நின்றது. சவிரிமுத்து கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். கோப்பை கழுவ அவருக்கு வெகுநேரம் எடுத்தது.

அப்படி ஆறு கிழமை கிடைத்தது. அந்த ஆறு கிழமையில் அவள் இரண்டு அங்கி தைத்தாள். பிறகு நோய் எலும்புக்கு இறங்கியது. இனி மருந்தேற்றிப் பயனில்லை என்று டொக்டர் சொன்னதை றெபேக்கா அதே நீளத்தில் தமிழில் சொன்னாள். போத்தலில் பத்து நாளுக்குக் காணக்கூடிய பூதான் மிச்சம் இருந்தது. முன்னரே வெட்டி வேர்விட வைத்த இரண்டு கிளைகள் பின்னறையில் வளர்ந்து, மூன்று கிழமையாக இருட்டு முறையில் நின்றன. அப்போதுதான் அரும்பு கட்டத் தொடங்கியிருந்தன.

ஐப்பசி முடிகிற கிழமை. பின்னேரம் குமிழைப் போட்டுவிட்டு வந்த றெபேக்காவை யோசெப்பின் கட்டிலுக்குக் கிட்டக் கூப்பிட்டாள். குரல் தாழ்ந்துபோயிருந்தது.

"நாளைக்குக் காலமை அதை நூராதை."

"ஏன், மாமி? அரும்பு வந்திட்டுது. வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும். இன்னும் ஆறு கிழமைதான்."

"போத்தலிலை எத்தினை நாளுக்குக் கிடக்கு?"

"பத்து."

"அது காணும்."

"காணாது, மாமி. பிறகு சாப்பிட ஏலாது. நோவும்..."

"தெரியும்." மாமி அவளுடைய விரல்களைப் பிடித்துக்கொண்டாள். "பகலிலை அவனுக்கு விளக்கு வேண்டாம் எண்டது நான் என்ரை வயித்துக்காகச் சொன்னது. அப்ப கதவு திறக்க நான் இருந்தன். இனி இருக்கமாட்டன். மாமாக்குக் காதும் சரியில்லை, மணி அடிச்சாலும் கேளாது. அவன் எந்த நேரத்திலை வந்தாலும், தன்னைப் பாத்துக்கொண்டு ஒண்டாவது இருந்தது எண்டு தெரியவேணும். இரவும் பகலும் எரியட்டும். நூராதை, பிள்ளை. என்ன?"