வெர்லீன் காட்டிய கட்டைவிரல்

வெர்லீன் டூட்டனுக்கு நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயர் யூ-டர்ன். வைத்தவன் நான்தான். நான் சொல்லப்போகும் நாளுக்கு முன்பே, பதினோரு வருஷத்தில் ஆறு முறை, தண்ணீருக்கடியில் குகையின் பாதி வழியில், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி எங்களைத் திருப்பிக் கூட்டி வந்தவள் அவள். தரையில் கட்டைவிரலைத் தூக்கினால் சபாஷ் என்று அர்த்தம். குகைக்குள் அப்படி இல்லை. 'போதும், வெளியே போகலாம்' என்று அர்த்தம். யார் காட்டினாலும், எதற்காகக் காட்டினாலும், மற்றவர்கள் மறுபேச்சில்லாமல் திரும்பிவிட வேண்டும். வெளியே வந்த பிறகு ஏன் என்று கேட்பதுகூட முறையில்லை. நாங்கள் கேட்போம். கேலியும் செய்வோம்.

அவளுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. ஃப்ளோரிடாவின் வடக்கில், சூவனி ஆற்றுக்கு நாலு மைல் தள்ளிப் பிறந்து வளர்ந்தவள். ஆனாலும் நாற்பது வயதுவரை நீச்சல் தெரியாது. அவளுடைய அம்மாவுக்கு முதலைப் பயம். குளியல் தொட்டியைத் தவிர வேறெந்தத் தண்ணீரையும் அந்த அம்மாள் நம்பியதில்லை. வெர்லீனின் கணவன் டார்வின் மரலாரி ஓட்டினான். ஒரு நாள் ஜார்ஜியாவுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனவன் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். லாரி மட்டும் திரும்பி வந்தது, வேறொரு டிரைவரோடு. அந்தக் கோடையில்தான் வெர்லீன் ஊர் நீச்சல்குளத்தில் பெயர் கொடுத்தாள். வகுப்பில் மற்ற எல்லோருக்கும் ஆறு வயது. பலகையைப் பிடித்துக்கொண்டு அவர்களோடு வரிசையில் நின்று காலை உதைத்துப் பழகினாள்.

வேலை, ஊரில் இருக்கும் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பது. காலை ஏழு மணிக்குத் தொடங்கி மூன்று மணிவரை ஊர்க்காரர்களின் கைகளைப் பிடித்துக்கொண்டிருப்பாள். ஹாய்ட் பெவில் அவளுக்கு அறிமுகமானதும் அங்கேதான். ஹாய்ட் மின்கம்பம் ஏறுகிறவர். ஆறடி இரண்டங்குலம். புயலடித்த மறுநாள் நாற்பதடி உயரத்தில் தொங்கிக்கொண்டு சாண்ட்விச் தின்கிற ஆள். ஆனால் ஊசி என்றால் முகம் வெளுத்துவிடும். அன்றைக்குப் பயத்தை மறைக்க அவர் வாய் ஓயாமல் பேசியிருக்கிறார், ஊற்றுக்குள் இருக்கும் குகைகளைப் பற்றி. வெர்லீன் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே சொன்னாளாம்:

"இவ்வளவு பயந்தாங்கொள்ளி நீயே அங்க போறேன்னா, நான் தாராளமாப் போகலாம்."

போனாள். முறையாகப் பயிற்சி எடுத்து, இரண்டு முறை தேர்வில் தவறி, மூன்றாம் முறை தேறினாள். அதிலிருந்து சனி ஞாயிறு என்றால் நாங்கள் மூன்று பேர். ஹாய்ட், வெர்லீன், டிராக்டர் உதிரிபாகக் கடையில் நிற்கிற லாமார் என்கிற நான்.

நான் சொல்லப்போகும் சனிக்கிழமை அக்டோபர் மாதத்தில் வந்தது. ஹாய்ட்டுக்கு அந்த வாரம் அறுபத்திரண்டு முடிந்திருந்தது. பிறந்தநாளுக்கு அவர் கேட்டது ஒன்றுதான். பிளெட்சோ ஊற்றுக்குள் ஆயிரத்து நானூறு அடி தூரத்தில் ஒரு பெரிய அறை இருக்கிறது. கூரை எங்கே இருக்கிறதென்று நல்ல விளக்கு அடித்தாலும் சட்டென்று தெரியாது. அதற்குக் களஞ்சியம் என்று பெயர். ஹாய்ட் அங்கே கடைசியாகப் போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றார்.

காலையிலேயே காற்று சிலிண்டர்களை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டோம். ஆற்றில் டியூப் போட்டு மிதக்கிற கூட்டம் இன்னும் வரவில்லை. சைப்ரஸ் மரங்களுக்கிடையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. மரப்படியில் இறங்கி வரிசை பிரித்துக்கொண்டோம். ஹாய்ட் முன்னால், கையில் கயிற்று ரீலோடு. நடுவில் வெர்லீன். கடைசியில் நான்.

வெளிச்சம் தெரிகிற இடத்திலிருந்து கயிறு கட்டிக்கொண்டே போய், உள்ளே நிரந்தரமாகக் கிடக்கும் கயிற்றோடு முடிச்சுப் போட வேண்டும். விளக்கு அணைந்தாலும், வண்டல் கிளம்பிக் கண் தெரியாமல் போனாலும், அந்தக் கயிற்றைத் தடவித்தான் வெளியே வர முடியும். அன்றைக்கு ஹாய்ட் முடிச்சுப் போட நேரமானது. ரீல் சிக்கிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு முன்னால் வெர்லீன் காலில் மாட்டியிருந்த நீச்சல் துடுப்புகள்தான் தெரிந்தன.

முந்நூறு அடி போன பிறகு பாதை இரண்டாகப் பிரிகிறது. அங்கே கயிற்றில், வெளியே போகும் திசையைக் காட்டும் பிளாஸ்டிக் அம்பு ஒன்றை மாட்ட வேண்டும். மறுபடியும் நின்றோம். நின்றுகொண்டே இருந்தோம். அப்புறம் பார்த்தால், வெர்லீனின் விளக்கு என் பக்கம் திரும்பியது. வெளிச்சத்துக்கு நடுவே அவள் கட்டைவிரல்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் திரும்பினேன். அது விதி.

படியில் ஏறி முகமூடியைக் கழற்றியதும் கேட்டுவிட்டேன். "இன்னைக்கு என்னம்மா வந்துச்சு உனக்கு?"

"குளிருது லாமார். கை நடுங்குது. கை நடுங்கும்போது உள்ள போகலாமா?"

"குளிருதா? ஜூலையிலயும் இதே தண்ணிதான், ஜனவரியிலயும் இதே தண்ணிதான். உனக்கு மட்டும் யாராவது ஐஸ் போட்டு வச்சாங்களா?"

"கை நடுங்குதுன்னு சொல்றேன்ல?"

"அந்த மனுஷன் வருஷத்துல ஒரு தடவை ஒண்ணு கேட்டார். அதையும் கெடுத்தாச்சு. யூ-டர்ன்னு சும்மாவா பேர் வச்சேன்!"

பேசும்போதெல்லாம் அவள் என்னைப் பார்க்காமல் ஹாய்ட்டைப் பார்த்தே பேசினாள் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. எப்போதும் என்னோடு சேர்ந்துகொண்டு கேலி செய்கிற ஹாய்ட், அன்றைக்குப் படியில் உட்கார்ந்து துடுப்புகளைக் கழற்றுவதிலேயே கவனமாக இருந்தார். மனம் உடைந்துபோய்விட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

மதியம் டிரக்கின் பின்கதவை இறக்கிப் போட்டு, வேகவைத்த நிலக்கடலையும் குளிர்ந்த தேநீருமாக உட்கார்ந்திருந்தோம். நான்தான் சொன்னேன்: "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நானும் ஹாய்ட்டும் மட்டும் போறோம். நீ கரையில உட்கார்ந்து வெயில் காய்."

"நானும் வரேன்" என்றாள்.

"எதுக்கு? இன்னொரு தடவை விரலைக் காட்டவா?"

வெர்லீன் கடலைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள். ஹாய்ட் "விடு லாமார்" என்று மட்டும் சொன்னார். எதை விடச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

அன்றிரவு ஊற்றுக்கரையிலேயே தங்கினோம். மறுநாள் காலை நடந்ததை ஹாய்ட்டே பல மாதம் கழித்து எனக்குச் சொன்னார். ஆறரை மணிக்கு வெர்லீன் அவருடைய டிரெய்லர் வண்டியின் கதவைத் தட்டியிருக்கிறாள், இரண்டு கோப்பை காபியோடு.

"ஹாய்ட், இடது கையை நீட்டு."

"என்ன, ஊருக்கு வெளியிலயும் வந்து ரத்தம் எடுக்கப் போறியா?"

"நீட்டுன்னா நீட்டு."

அவர் நீட்டவில்லை. சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"எத்தனை நாளா இது?"

"ஈஸ்டர்ல இருந்து. வயசாகுதுல்ல. முப்பது வருஷம் கம்பத்துல தொங்கின கை."

"ஒரு நாளைக்கு நாப்பது கையைப் பிடிக்கிறவ நான். எங்கிட்ட கதை விடாத. நேத்து உன் விளக்கு வெளிச்சம் சுவத்துல ஆடுச்சு. நீ சும்மா நிக்கும்போதுதான் ரொம்ப ஆடுச்சு. முடிச்சை மூணு தடவை போட்டே. அம்பை வண்டல்ல நழுவ விட்டே. விரல் மடங்கலை, இல்ல? இது வயசு இல்ல ஹாய்ட்."

அவர் காபியைப் பார்த்துக்கொண்டே கேட்டிருக்கிறார்: "லாமார்கிட்ட சொன்னியா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? அது உன் கை. ஆனா அவன் உன் கயித்தை நம்பித்தான் உள்ள வரப்போறான். பத்து மணிக்குள்ள நீயே சொல்லிடு. நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

"நேத்து உனக்குக் குளிருதுன்னு பொய் சொன்னியே."

"ஆமா, சொன்னேன். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. இன்னைக்குப் பொய் சொல்ல மாட்டேன்."

ஒன்பதரைக்கு நான் சிலிண்டர்களை இறக்கிக்கொண்டிருந்தேன். ஹாய்ட் வந்தார். நீச்சலுடை போடவில்லை. இடது கையை டிரக்கின் பின்கதவு மேல் வைத்தார். உள்ளங்கை மேலே பார்த்துக் கிடந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், எதையோ உருட்டுகிற மாதிரி, தானாக அசைந்துகொண்டே இருந்தன. அவர் அந்தக் கையை, அது யாருடையதோ என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து அவளுக்குக் குளிரலைடா" என்றார்.

சிலிண்டர்களை ஒவ்வொன்றாக மறுபடியும் டிரக்கில் ஏற்றினேன். அவர் ஒரு கையால் உதவி செய்ய வந்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்று மதியமே அவர் கிளம்பிப் போய்விட்டார். நான் வெர்லீனைத் தேடிப் போனேன். முந்தின நாள் நனைந்து இன்னும் காயாத நீச்சலுடைகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"தப்புப் பண்ணிட்டேன் வெர்லீன். இனிமே உன்னை யூ-டர்ன்னு கூப்பிட மாட்டேன்."

அவள் சட்டென்று திரும்பினாள். நான் எதிர்பார்த்த முகம் இல்லை அது.

"ஏன், நேத்து நான் பயப்படலைன்னு தெரிஞ்சதாலயா? அப்போ மத்த ஆறு தடவை? அந்த ஆறு தடவையும் எனக்கு நிஜமாவே பயம்தான். நெஞ்சு அடிச்சுக்கிச்சு, திரும்பினேன். பயந்தா திரும்பறதுக்குத்தானே அந்த விரல் இருக்கு? அதுக்குத்தானே நீ பேர் வச்சே?"

"சும்மா கேலிக்கு..."

"தெரியும். நானும் சிரிச்சேன். வீட்டுக்குப் போற வழியெல்லாம் யோசிப்பேன், அடுத்த வாரம் விரலைக் காட்டாம இருந்துடணும்னு. எந்த அளவுக்கு முட்டாள்தனம் பாரு. அந்த நினைப்புலதான் ஒருநாள் செத்திருப்பேன்."

சொல்லிவிட்டு என் ஈர உடையையும் எடுத்துக் கொடியில் போட்டாள். அவள் கோபம் அப்படித்தான். வாயில் இருக்கும், கையில் இருக்காது.

கெய்ன்ஸ்வில்லில் நரம்பு மருத்துவர் பார்த்துவிட்டு, பார்க்கின்சன் என்கிற நடுக்க நோய் என்று சொன்னார். ஹாய்ட் எனக்கு ஒரே வரியில் போனில் தெரிவித்தார். வெர்லீனிடம் பேசவில்லை. அடுத்த வாரமும் பேசவில்லை. குகை உபகரணங்களையெல்லாம் ஊருக்கு வெளியே யாருக்கோ கொடுத்துவிட்டார். என்னிடம் மட்டும் எப்போதாவது புலம்புவார்: "அவ சொல்லாம இருந்திருந்தா ஒரு தடவை பார்த்துட்டு வந்திருப்பேன்டா. ஒரே தடவை."

வெர்லீன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச் முடிந்து அவரைப் போனில் கூப்பிடுவாள். மணி அடித்துக்கொண்டே இருக்கும். எடுக்க மாட்டார். நானும் அவளும் இரண்டு முறை ஊற்றுக்குப் போனோம், முந்நூறு அடிக்குள். களஞ்சியத்துக்குப் போகலாம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒருநாள் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டே சொன்னாள்: "அவன் பேசாதது பரவாயில்லை லாமார். தனியா அந்த வீட்டுல உட்கார்ந்து கையையே பார்த்துக்கிட்டிருப்பானே, அதுதான்."

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ஹாய்ட் போன் செய்தார். எனக்கு இல்லை, அவளுக்கு. நாலு மாதம் கழித்து அவர் பேசிய முதல் வார்த்தை, "உன் டிரக்குக்குப் பின்னால கொக்கி இருக்குல்ல?" அடிதட்டையான அலுமினியப் படகு ஒன்று வாங்கியிருந்தார். வீட்டுக்குக் கொண்டுவர ஆள் வேண்டும். "இருக்கு" என்றாள். ஒரு மணி நேரத்தில் அவர் வாசலில் நின்றாள். மன்னிப்புக் கேட்டார்களா, அழுதார்களா என்று என்னைக் கேட்டால், தெரியாது. நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் படகின் ஓட்டையை எதை வைத்து அடைப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அவளுக்கு ஐம்பத்தொன்பது. இன்னும் ரத்தம் எடுக்கிறாள். இன்னும் குகைக்குப் போகிறாள், எங்களோடு புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பதியோடு. கோடை முழுக்க ஞாயிறு மாலைகளில், டியூப் கூட்டம் போன பிறகு, ஹாய்ட்டும் அவளும் படகில் ஆற்றை ஒரு சுற்று வருகிறார்கள். கூட்டம் போட்டுவிட்டுப் போன பீர் டப்பாக்களைப் பொறுக்குவதுதான் வேலை. ஹாய்ட் வலது கையால் மோட்டாரைப் பிடித்திருப்பார். இடது கை தொடைமேல் கிடந்து ஆடிக்கொண்டிருக்கும். அவள் முன்னால் மண்டியிட்டு, நீளக் காம்பு வைத்த வலையால் அள்ளுவாள். போன வாரம் நானும் போனேன்.

"இடது பக்கம்! இடது பக்கம்!"

"உன் இடதா, என் இடதா?"

"படகுக்கு ஒரே இடதுதான்யா! அதோ போகுது பாரு, பிடி!"

ஹாய்ட் திருப்பினார். படகு குலுங்கியது. அவள் வலையைத் தூக்கினாள். டப்பா இல்லை, ஒரு பெண்ணின் ஊதா நிற ரப்பர் செருப்பு, ஒற்றைக்கால். இந்தக் கோடையில் அது ஏழாவதாம். வெர்லீன் அதைத் தன் பாதத்தோடு வைத்து அளந்து பார்த்தாள்.

"சின்னது" என்றாள்.

"தூக்கிப் போடாத. ஜோடி எங்கயாவது மிதந்துக்கிட்டிருக்கும்" என்றார் ஹாய்ட்.

அவள் அதை இருக்கைக்கு அடியில் மற்ற ஆறோடு போட்டுவிட்டு, அடுத்த டப்பாவுக்கு வலையை நீட்டினாள்.