நண்டுக்கு வீடு பார்த்த அத்தான்

அத்தான் வீட்டுத் தரகர். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சுவர் முட்டுகிற வீட்டைக்கூட, "வெயில் தொல்லையே கிடையாது" என்று யார் தலையிலாவது கட்டிவிடுவார். ஞாயிற்றுக்கிழமையானால் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கடற்கரையில் சங்கு பொறுக்கக் கிளம்பிவிடுவார். அலமாரி முழுக்கச் சங்கும் சோழியும். அக்காவின் துணிகள் நாற்காலியில் கிடக்கும்.

இவ்வளவு சேர்த்தும் சங்கு சேகரிப்போர் மன்றத்தில் அவருக்கு மரியாதை இல்லை. மன்றத் தலைவரான பல் டாக்டர், "இதெல்லாம் செருப்புல ஒட்டிக்கிட்டு வர்ற ரகம்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். வருகிற கண்காட்சியில் அந்த ஆளின் வாயை அடைத்தே தீர வேண்டும் என்று அத்தான் கறுவிக்கொண்டிருந்தார்.

கண்காட்சிக்கு முதல் நாள் ஒன்று சிக்கியது. தேன் நிறம், உடம்பெல்லாம் முள். மேசையில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் பார்க்கும்போதே சங்கு நடந்துபோய்ச் சர்க்கரை டப்பாவில் முட்டி நின்றது. உள்ளே துறவி நண்டு. செத்த நத்தையின் ஓட்டில் குடியேறுகிற ஜென்மம் அது. பேர்தான் துறவி, வீட்டு ஆசை நம்மைவிட அதிகம்.

இழுத்தால் பிய்ந்து போகுமே தவிர வெளியே வராது. வேகவைக்கலாம் என்றால் அக்கா பாத்திரம் தரவில்லை.

"குடியிருக்கிறவனைக் காலி பண்ண ஒரே வழிதான், மாப்ள. இதைவிட நல்ல வீடாக் காட்டணும்."

என்னைக் கடலுக்கு விரட்டி, தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, துணி துவைக்கிற பிளாஸ்டிக் தொட்டியில் நண்டை விட்டார். தன் சங்குகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். நண்டு புரட்டிப் பார்த்தது, காலை விட்டு அளந்தது, நகர்ந்துவிட்டது. "நல்ல காத்தோட்டம்யா, உள்ள போய்த்தான் பாரேன்" என்று கெஞ்சினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அலமாரியே காலியான பிறகு, அக்காவின் முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே இருந்த பழுப்புச் சங்கைத் தூக்கிவந்தார். கல்யாணமான புதிதில் அக்கா தானே பொறுக்கிய ஒரே சங்கு அது.

"அக்காகிட்ட மூச்சு விடாதே. வேலை முடிஞ்சதும் வச்சிடலாம்."

நண்டு ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்த்தது. மறு நொடி உரித்த இறால் மாதிரி வெளியே வந்து அதற்குள் புகுந்துகொண்டது. அத்தான் முள் சங்கைப் பாய்ந்து எடுத்தார். அடியில் விரல் நுழைகிற ஓட்டை, அதன் வழியே தண்ணீர் ஒழுகியது. கண்காட்சிக்கு உதவாது.

அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "அது என்னுதுதானே?"

"நாளைக்கே வேற இடம் பாத்து மாத்திடறேன்" என்று தரகர் குரலில் ஆரம்பித்தார் அத்தான்.

"வேண்டாம். அதுக்குப் பாத்ததும் பிடிச்சிருக்கு. உங்களுக்குத்தான் இத்தனை வருஷமா கண்ணுல படலை."

பேசியே பிழைக்கிற மனிதர் வாயடைத்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். பாவமாக இருந்தது. உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் அந்தத் தொட்டியைத்தான் நண்டோடு கண்காட்சிக்குச் சுமந்து போனார். பல் டாக்டர் குனிந்து பார்த்து, "சாதாரண ரகம்" என்றார்.

"என் பொண்டாட்டி எடுத்தது, டாக்டர்" என்றார் அத்தான். "பாத்துப் பேசுங்க."