இரண்டு ஊர் ராகுகாலம்

மும்பை மாட்டுங்காவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்டில் ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்ப்பதில்லை; அவரவர் கைபேசியைத்தான் பார்ப்பார்கள். அண்மையில் வெறுங்கையுடன் ஏறிய என்னை மேல்மாடி மராட்டியப் பெண்மணி பரிவோடு நோக்கி, "அங்கிள், மொபைல் சோரி ஹோ கயா க்யா?" என்றார். திருட்டுப் போகவில்லை, இது ராகுகாலம் என்று என் அலுவலக இந்தியில் விளக்கினேன். அதை ஏதோ நோய் என்று எண்ணிக்கொண்டு, நல்ல டாக்டர் ஒருவரைப் பரிந்துரைத்தார்.

நோய் இருந்தது உண்மைதான். பணி ஓய்வுக்குப் பின், திருநெல்வேலி உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு நாள்தோறும் ராகுகாலம் அனுப்புவதைப் பொறுப்பாக ஏற்றிருந்தேன். நான் பார்த்த செயலி, மும்பையின் சூரிய உதயத்தைக் கொண்டு கணக்கிடுகிறது என்பதைப் பட்டதாரியாகிய நான் கவனிக்கத் தவறினேன். இங்கே பொழுது பிந்தித்தானே விடிகிறது! மகளின் நிச்சயதார்த்தத்துக்கு நேரம் பார்த்த என் மைத்துனன் சங்கரன் அதைக் கண்டுபிடித்து, குழுவிலேயே குரல்பதிவு இட்டான்: "அத்தான், உங்க பம்பாய் ராகுகாலத்த நீங்களே வச்சுக்கிடுங்க. எங்களுக்கு இங்க முந்தியே விடிஞ்சிருது!"

அதன்கீழ் வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். எனக்காக ஒருவராவது பரிந்து பேசுவார் என்று காத்திருந்தேன். நான் இட்ட விளக்கத்தை அனைவரும் படித்ததற்கு நீலக்குறி வந்தது, பதில் வரவில்லை. சாப்பிடும்போதும் திரையிலேயே கண். உறக்கம் கெட்டது, நெஞ்சு படபடத்தது. ஓர் அலுவலகத்தையே நடத்தியவனின் மதிப்பு, யாரோ இடப்போகும் கட்டைவிரல் படத்தில் தொங்கியது.

"இன்னும் அதையேவா நோண்டிக்கிட்டு இருக்கிய?" என்றாள் என் மனைவி கோமதி. "கேலி பண்ணுனவன் அப்பமே மறந்திருப்பான். ராகுகாலத்துல நல்ல காரியம் எதையும் தொடமாட்டியள்லா? இனி போனையும் தொடாதிய."

"எந்த ஊர் ராகுகாலம்?"

"ரெண்டுந்தான்!"

நியமம் என்று வந்துவிட்டால் நான் மீறுவதில்லை. அந்த வேளையில் கிங்ஸ் சர்க்கிள் வரை நடக்கிறேன்; காய்கறிக் கடைக்காரரோடு முருங்கைக்காயின் முற்றலைப் பற்றி வாதிடுகிறேன். படபடப்பு தணிந்தது, உறக்கமும் திரும்பியது. அயலூரில் வாழ்வோரே, எந்தக் கணக்கிலாவது நாளில் சிறிது நேரம் கைபேசியை விலக்கி வையுங்கள்.

நேற்று நடந்துவிட்டு வீடு திரும்பினேன். சங்கரனின் வீடியோ அழைப்பு ஒலித்துக்கொண்டிருந்தது. கோமதி எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அத்தான், நிச்சயதார்த்தத்துக்கு முந்தியே வந்துருங்க. தாம்பூலம் மாத்த நீங்கதான் முன்னால நிக்கணும். ஆனா நேரம் மட்டும் நான் பாத்துக்கிடுதேன்!"

அவனுக்கு ராகுகாலம் முடிந்திருந்தது. எனக்கு இன்னும் முடியவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, திரையில் தெரிந்த அவன் முற்றத்து வெயிலை நோக்கிக் குனிந்து, வருகிறேன் என்றேன்.